கையெழுத்துக்குப் பிறகு

சென்ற கார்த்திகையில், மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் முன்பு பயின்ற மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். தமிழில் முதுகலை முடித்தவள். தொண்டு நிறுவனம் ஒன்றில் 'மனிதவள மேம்பாட்டு அலுவலர்' என்ற பெயரில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறாள். நெட்டப்பாக்கம் கொம்யூனில், மடுகரை, கல்மண்டபம் பக்கத்து ஊர்களில், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குப் பாடம் சொல்லும் தன்னார்வலர்களைப் பயிற்றுவிப்பது அவள் வேலை. கையில் அறுபது பக்க ஆங்கிலக் கையேடு ஒன்று இருந்தது. "ஐயா, இதைக் கொஞ்சம் நல்ல தமிழில் ஆக்கித் தர வேண்டும்" என்றாள். ஒப்புக்கொண்டேன். ஆனால் முதல் பக்கத்தையே தாண்ட முடியவில்லை.

என்னைத் தடுத்தது அந்த 'வளம்' என்ற சொல். நிலவளம், நீர்வளம், கடல்வளம் என்று தமிழ் அதை எங்கெல்லாம் சேர்த்ததோ அங்கெல்லாம் எடுப்பவன் ஒருவன் இருக்கிறான், எடுக்கப்படும் பொருள் ஒன்று இருக்கிறது. ஆற்றில் மணல்வளம் இருக்கிறது என்று சொன்னால் மறுநாள் என்ன வரும் என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்: லாரி வரும். மனிதனோடு அந்தச் சொல்லை ஒட்டும்போது எடுப்பவன் யார் என்ற கேள்வி எழாமல் போகுமா?

இத்தொடரை ஆங்கிலத்தில் 1969-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் லெனார்ட் நாட்லர் என்பார்கள். அவர் அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வயதுவந்தோர் கல்வித் துறைப் பேராசிரியர். இந்தியாவில் எழுபதுகளின் நடுவில் உதய் பரீக், டி.வி. ராவ் இருவரும் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்தில் இதற்கெனத் தனித்துறை அமைய வழி செய்தார்கள். 1985-இல் நடுவண் அரசின் கல்வி அமைச்சகமே மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஆயிற்று. 2020-இல் மீண்டும் கல்வி அமைச்சகம் ஆனது. இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் பள்ளிப் பிள்ளை முதல் அறுபது வயது மூதாட்டி வரை எல்லோரும் வளமாகவே இருந்தார்கள். வகுப்பறையில் தோன்றிய சொல் தொழிற்சாலைக்குப் போய், அங்கிருந்து அரசாணையாகி, கடைசியில் மடுகரைக்குத் திரும்பியிருக்கிறது.

சொல்லைப் பழிப்பது எளிது. தமிழ் படித்தவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கும்கூட. என் சங்கடத்துக்கு வேறு காரணம் உண்டு. அது என் அத்தை.

1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுச்சேரியில் அறிவொளி இயக்கம் நடந்தது. எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக 1990 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட வேகம் எங்கும் பரவியிருந்த நேரம். புதுவை அறிவியல் இயக்கத்தாரும் அரசும் சேர்ந்து ஊர் ஊராகக் கலைப்பயணம் போனார்கள். எனக்கு அப்போது பத்து வயது. கரும்பு வெட்டிவிட்டு வந்த கையோடு அத்தை அரிக்கேன் விளக்கின் முன் உட்காருவார். துணைக்கு நானும் போவேன். பாடம் சொன்னவர் பக்கத்துத் தெரு அண்ணன், பத்தாம் வகுப்புப் படித்தவர். அவருக்குச் சம்பளம் இல்லை. அ, ஆ என்று அவர் தொடங்கவில்லை. வாயில் ஏற்கெனவே புழங்கும் சொற்களிலிருந்து தொடங்கினார். 'பட்டா' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அது யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். அன்று பாடத்தைவிடச் சண்டைதான் அதிகம் நடந்தது. பிரேசிலில் 1963-இல் பாவ்லோ பிரெய்ரே அங்கிகோஸ் ஊர்த் தொழிலாளர்களுக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்துக் கற்பித்த முறையின் நிழல் அது என்று பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு அறிந்தேன்.

அத்தை கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். ஊரே கொண்டாடியது. அதோடு வகுப்பும் நின்றது. அண்ணன் வேலை தேடித் திருப்பூருக்குப் போய்விட்டார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஒரு கடன் பத்திரத்தில் தெரிந்தவருக்காக அத்தை ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கடன் வாங்கியவர் ஊரை விட்டுப் போனார். தவணை அத்தையின் தலையில் விழுந்தது. கறவை மாடு போயிற்று. அப்போது அவர் சொன்னதை நான் இன்றுவரை எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. "தம்பி, கைநாட்டா இருந்திருந்தா படிச்சிக் காட்டிட்டுத்தான் வாங்கியிருப்பான். கையெழுத்துப் போட்டேன் பாரு, படிக்கத் தெரிஞ்சவன்னு நெனச்சிட்டான்."

கைரேகை வைப்பவருக்குப் பத்திரத்தைப் படித்துக்காட்டி, அவ்வாறு படித்துக்காட்டியதாக எழுதிச் சாட்சியும் போடுவது பழைய நடைமுறை. ஓர் அரைகுறைக் கல்வி அந்தப் பாதுகாப்பை என் அத்தையிடமிருந்து பறித்தது. பதிலுக்கு வேறொன்றைத் தரவும் இல்லை. (இன்று வங்கியில் ஆதார் கருவி பேராசிரியனிடமும் கட்டைவிரலைத்தான் கேட்கிறது. அத்தைக்கு அதில் ஓர் அற்ப மகிழ்ச்சி.)

ஆகவே அறிவொளிக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதும் நண்பர்களோடு முழுதாக உடன்பட எனக்கு இயலவில்லை. அதன் ஆர்வமும் பாட்டும் மெய். பெண்கள் இரவில் கூடி உட்கார ஓர் இடம் கிடைத்ததும் மெய். ஆனால் ஆர்வம் மட்டுமே கொண்டு பத்து ஆண்டுகள் ஓரிடத்தில் இருக்க ஒருவராலும் முடியாது. எழுத்துக்குப் பின்னால் வரும் படிப்புக்கு, அதாவது பத்திரம் படிக்க, வட்டி கணக்கிட, கேள்வி கேட்க, சம்பளம் வாங்கிக்கொண்டு ஊரில் தங்கும் ஒரு தொழில்முறை ஆள் வேண்டும். என் மாணவியின் பதவிப்பெயரைத்தான் நான் வெறுக்கிறேன், பதவியை அல்ல. அது நிரந்தரப் பதவியாக இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

நடப்பதோ நேர்மாறு. 2009-இல் தொடங்கிய சாட்சர் பாரத் திட்டத்தில் கிராமந்தோறும் 'பிரேரக்' என்று இருவரை வைத்து மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியம் கொடுத்தார்கள். பெண்களின் எழுத்தறிவு 50 விழுக்காட்டைத் தாண்டாத மாவட்டங்களுக்கே முதன்மையாக அத்திட்டம் என்பதால், கணக்கில் நல்ல பிள்ளையான புதுச்சேரி அந்தக் கோட்டுக்கு மேலே நின்றது. 2011 கணக்கெடுப்பில் எங்கள் எழுத்தறிவு 85.85 விழுக்காடு. மீதமுள்ளவர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. 2018-இல் அத்திட்டமும் முடிந்தது. 2022-இல் தொடங்கிய புதிய இந்தியா எழுத்தறிவுத் திட்டம் ஐந்து ஆண்டுகளில் 5 கோடிப் பேருக்கு 1,037.90 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஏறத்தாழ 208 ரூபாய். பாடம் சொல்பவர் ஊதியமில்லாத தன்னார்வலர். முப்பது ஆண்டுகளுக்கு முன் திருப்பூருக்குப் போன அண்ணனிடமே திரும்பி வந்திருக்கிறோம். பாட்டு மட்டும் இல்லை.

கையேட்டில் நுழைவுத் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. எழுத்து அறியாதவர் என்றால் 'அடிப்படை நிலை: பூஜ்யம்' என்று குறிக்க வேண்டுமாம். 1954 மார்ச்சில் நெட்டப்பாக்கம் காவல் நிலையம் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து விடுபட்ட கதையை, தன் தகப்பனாரிடம் கேட்டபடி, ஆள்பெயர் விடாமல் ஒரு மணி நேரம் சொல்லக்கூடியவர் என் அத்தை. அவரைப் பூஜ்யம் என்று எழுத என் பேனா வரவில்லை. வயதுவந்தவர் அனுபவத்தோடு வருகிறார், தேவை வரும்போதுதான் கற்கிறார் என்று மால்கம் நோல்ஸ் அறுபதுகளிலிருந்தே எழுதினார். அவர் பெயர் கையேட்டின் பின்னிணைப்பில் இருக்கிறது, கருத்து உள்ளே எங்கும் இல்லை. தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்த அளவுகோலும் நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிக்க வேண்டும், 7 சொல் பார்த்து எழுத வேண்டும் என்றுதான் போயிற்று. எதைப் படிக்க என்று அது கேட்கவில்லை.

மாணவியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, தன் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொன்னாள். இலவச அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட்ட ஆண்டுகளில், எந்த மாதத்துப் பணம் வந்தது என்று கைபேசிச் செய்தியைப் படிக்கத் தெரியாமல் கடைக்காரரிடம் காட்டிக் கேட்டவர்கள் அந்தப் பெண்கள். இப்போது குழுக்கடன் அட்டையை வகுப்புக்குக் கொண்டு வருகிறார்கள். அவளும் பாடநூலை மூடிவிட்டு அட்டையையே பாடமாக வைத்துக்கொண்டாள். மூன்று வாரம் வட்டி மட்டும் படித்தார்கள். ஒரு பெண் தன் அட்டையில் இரண்டு தவணை வரவு வைக்கப்படாததைத் தானே கண்டுபிடித்தாள்.

மாத அறிக்கையில் இதை எழுதக் கட்டம் எதுவும் இல்லை. பாடநூலில் மூன்று வாரமாக முன்னேற்றம் ஏதும் இல்லை என்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஒப்பந்தம் ஆடியோடு முடிகிறது. நீட்டிப்பார்களா என்பது அவளுக்குத் தெரியாது.

அறுபது பக்கத்தில் நான் பதினொன்றுதான் மொழிபெயர்த்திருக்கிறேன். பதவிப்பெயர் வரும் இடங்களில் எல்லாம் 'ஆசிரியர்' என்று போட்டிருக்கிறேன். அவர்கள் அதைத் திருத்திக்கொள்ளட்டும்.