சுவர் அழியலாம், சாட்சி அழியலாகாது



சென்ற மாதம் நம் சங்க அலுவலகத்துக்கு எதிரே இருந்த நீளச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். யாரோ ஒரு பெரிய மனிதர் அவ்வழியே காரில் போகிறார் என்று இரவோடிரவாக வேலை நடந்தது. காலையில் முதல் ஷிப்டுக்குக் கிளம்பியவர்கள்தாம் முதலில் பார்த்தார்கள். முப்பது ஆண்டுகளாக அந்தச் சுவர் நமக்குக் கரும்பலகை. தண்ணீர்க் குழாய் கேட்டு நடந்த ஊர்வலத்தின் அழைப்பு, பொங்கல் விழா அறிவிப்பு, ரேஷன் கடை மறியலின் கோஷம், ஊரிலிருந்து பெட்டியும் கையுமாக வந்து இறங்குகிறவனுக்குச் சங்கத்தின் வாசலைக் காட்டும் அம்புக்குறி, எல்லாம் அதில்தான். ஒரு மூலையில், குடிசைகள் இடிக்கப்பட்ட நாளில் வீடிழந்த 17 குடும்பத் தலைவர்களின் பெயர்களை நம் பெயின்டர் தோழர் ஒருவர் வரிசையாக எழுதி வைத்திருந்தார். அதுவும் போயிற்று.

நமக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கோபத்தைவிட வெட்கம் அதிகம். அந்தப் பட்டியலில் தன் தகப்பனார் பெயர் இருந்ததாகச் சொல்லி ஒரு பெண் வந்தார். "அண்ணாச்சி, அந்தச் சுவரோட போட்டோ சங்கத்துல இருக்குமா?" என்று கேட்டார். பீரோவைக் கவிழ்த்துத் தேடினோம். சந்தா ரசீதுக் கட்டுகள் இருக்கின்றன. தலைவர்களுக்கு மாலை போட்ட படங்கள் இருக்கின்றன. சுவரின் படம் ஒன்றுகூட இல்லை. ஒரு கல்யாண ஊர்வலப் படத்தில் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நான்கு எழுத்துகள் தெரிகின்றன. அவ்வளவுதான்.

வாடகையும் ரேஷனும் வேலையும் கழுத்தை நெரிக்கும்போது சுவர் எழுத்துக்கு ஒரு தலையங்கமா என்று சிலர் கேட்கலாம். பலகையில் இருக்கும் எழுத்துக்காகத் தண்டவாளத்தில் படுத்த வரலாறு உடையவர்கள் நாம். 1952இல் பெரியாரின் அழைப்பை ஏற்று ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்துகளின் மீது தார் பூசினார்கள். 1953 ஜூலை 15 அன்று டால்மியாபுரம் நிலையத்தின் பெயர்ப்பலகை மீது ‘கல்லக்குடி’ என்று எழுதிய தாளை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தார் கலைஞர் கருணாநிதி, சிறைக்கும் போனார். பலகையில் யார் வைத்த பெயர் இருக்கிறது என்பது அந்த மண் யாருடையது என்ற கேள்வி. அது சின்னக் கேள்வியன்று.

நிற்க. நாம் ரயில்வேக்காரர்கள். ஆகவே ரயில் பெட்டிகளில் நடந்த ஒரு கதையையே எடுத்துக்கொள்கிறோம். கதை நடந்த இடம் அமெரிக்காவின் நியூயார்க். ஆனால் அதில் வருகிற மனிதர்கள் நமக்கு அந்நியரல்லர்.

1971 ஜூலை 21 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஓர் இளைஞனைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. கிரேக்கக் குடும்பத்துப் பிள்ளை, வயது 17, கடிதங்களையும் கட்டுகளையும் நகரெங்கும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. போகிற இடமெல்லாம் மார்க்கர் பேனாவால் ‘டாக்கி 183’ என்று எழுதிவிட்டு வருவான். டாக்கி என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். 183 என்பது அவன் குடியிருந்த தெருவின் எண். நாம் பெயருக்கு முன்னால் ஊரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்வதில்லையா, அது போலத்தான். அவனுக்கு முன்பே ‘ஜூலியோ 204’ என்று ஒருவன் எழுதிக்கொண்டிருந்தான். பிலடெல்பியா நகரில் 1960களின் இறுதியிலேயே ‘கார்ன்பிரெட்’ என்ற பெயர் சுவர்களில் ஏறிவிட்டது.

அந்தச் செய்திக்குப் பிறகு நூற்றுக்கணக்கான பிள்ளைகள் எழுத வந்தார்கள். பேனா போய் ஸ்பிரே டப்பா வந்தது. கையகலப் பெயர் ஆளுயரம் வளர்ந்து, பிறகு பாதாள ரயிலின் ஒரு முழுப் பெட்டியையே மூடியது. அந்நாளில் அந்நகரம் எப்படி இருந்தது? 1975இல் நகராட்சி திவாலாகும் நிலைக்கு வந்து ஆயிரக்கணக்கான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. தெற்கு பிராங்க்ஸில் தெருத் தெருவாக வீடுகள் எரிந்து கிடந்தன. எழுதியவர்களில் வசதியுள்ள வெள்ளைக்காரப் பிள்ளைகளும் உண்டு. ஆனால் மிகப் பலர் கறுப்பின மக்களின் பிள்ளைகள், பிழைப்பு தேடி வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். பெயர் பெற்ற லீ கின்யோனெஸ் போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தவர். ‘லேடி பிங்க்’ ஈக்வடாரிலிருந்து சிறுமியாக வந்தவர். ஆண்பிள்ளைகள் நிறைந்த அந்தக் கூட்டத்தில் 1979 முதல் ரயில் பெட்டிகளில் தன் பெயரை எழுதினார். பத்திரிகைகள் இதைக் கிராஃபிட்டி என்றன. அவர்களோ தங்களை ‘எழுதுகிறவர்கள்’ என்றே சொல்லிக்கொண்டார்கள்.

இங்கே நம் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ரயிலில் எழுதுவதை நாம் ஆதரிக்கவில்லை. அங்கே யார்டில் 600 வோல்ட் மின்சாரம் ஓடும் மூன்றாவது தண்டவாளம் கால்மாட்டில் கிடக்கிறது. நம் மும்பை லோக்கலுக்கோ தலைக்கு மேல் 25,000 வோல்ட். தவறி விழுந்த பிள்ளையைத் தூக்கப் போன நமக்குத் தெரியும், அதன் விலை என்னவென்று. ஜன்னல் முழுக்க வண்ணம் பூசினால் உள்ளே இருப்பவருக்கு எந்த ஸ்டேஷன் என்று தெரியாது. அன்றியும், எழுதினவன் விடிவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவான். காந்தும் ரசாயனத்தை வைத்துக்கொண்டு அதைத் தேய்த்துக் கழுவுகிறவனும் ஒரு தொழிலாளிதான். 2022இல் கொச்சியிலும் அகமதாபாத்திலும் மெட்ரோ பெட்டிகளில் எழுதிப்போனார்கள். அகமதாபாத்தில் பிடிபட்ட நால்வரும் இத்தாலியர்கள். ஊர் ஊராகச் சுற்றி விளையாட அவர்களுக்கு முடியும். கழுவுகிற காண்டிராக்ட் தொழிலாளிக்கு அது விளையாட்டன்று.

ஆனால் குற்றம் ஒன்று, தண்டனை ஒன்று. 1983 செப்டம்பர் 15 அன்று அதிகாலையில், முதலாவது அவென்யூ பாதாள ரயில் நிலையத்தில் எழுதினார் என்று மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞரைப் போலீசார் கைது செய்தார்கள். நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 13 நாள் கழித்து அவர் இறந்தார். வழக்கில் நிறுத்தப்பட்ட ஆறு ரயில் போலீசாரையும் 1985இல் ஜூரி விடுவித்தது. ஜூரியில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. சுவரின் மதிப்பு என்ன, உயிரின் மதிப்பு என்ன என்பதை அந்த ஊர் அன்று இப்படித்தான் எடைபோட்டது.

இனி, இந்தத் தலையங்கத்துக்கு முக்கியமானவர்களிடம் வருவோம். எழுதியவர்களை அல்ல, எழுதியதைப் பதிந்து வைத்தவர்களைச் சொல்கிறோம்.

மார்த்தா கூப்பர் நியூயார்க் போஸ்ட் நாளிதழில் புகைப்படக்காரராக இருந்தவர். ஏழைகள் வாழும் தெருக்களில் பிள்ளைகள் விளையாடுவதைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சிறுவன் தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, சுவரில் எழுதப்போகும் பெயரை எப்படி வரைந்து பழகுகிறான் என்று காட்டினான். பிறகு ‘டோண்டி’ என்ற பெரிய கைக்காரரிடம் அழைத்துப்போனான். அன்றுமுதல் அந்த அம்மையார் பிராங்க்ஸின் காலி மனைகளில், மேம்பாலத்தில் வண்டி வரும்வரை மணிக்கணக்கில் வெயிலில் நின்றார். ஹென்றி சால்ஃபன்ட் ஒரு சிற்பி. எதிர்ப் பிளாட்பாரத்தில் வண்டி நிற்கும் அந்தச் சில விநாடிகளுக்குள், நகர்ந்துகொண்டே அடுத்தடுத்துப் படமெடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி முழுப் பெட்டியையும் ஒரே படமாக்கினார்.

எழுதிய பிள்ளைகளே கைக் காமிரா வைத்துக்கொண்டு தங்கள் வண்டி வரும்வரை காத்திருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 149ஆம் தெரு கிராண்ட் கான்கோர்ஸ் நிலையத்தின் பெஞ்சு அவர்களுக்குச் சங்க அலுவலகம் போல. இன்று ஓடும் பெட்டி நாளை கழுவப்படும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே படம் எடுக்காத பெயர், எழுதாத பெயர்.

1983இல் டோனி சில்வர் இயக்க, சால்ஃபன்ட் உடனிருந்து எடுத்த ‘ஸ்டைல் வார்ஸ்’ என்ற படம் வெளிவந்தது. இரவில் யார்டுக்குப் போகும் மகனும் அவனைக் கடிந்துகொள்ளும் தாயும் அதில் அடுத்தடுத்து இருந்து வாதாடுகிறார்கள். நம் வீடுகளில் கேட்காத வாதமா அது? 1984இல் கூப்பரும் சால்ஃபன்டும் சேர்ந்து ‘சப்வே ஆர்ட்’ என்ற புத்தகத்தை லண்டன் பதிப்பகம் ஒன்றின் மூலம் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டில், சுத்தம் செய்த பெட்டியில் மறுபடி எழுத்து இருந்தால் அதைக் கழுவாமல் ஓட்டுவதில்லை என்ற விதியோடு நிர்வாகம் இறங்கியது. 1989 மே 12 அன்று, எழுத்துள்ள கடைசி வண்டியையும் நிறுத்திவிட்டதாக அறிவித்தது. இன்று அந்தப் பெட்டிகளில் ஓர் எழுத்துமில்லை. படங்கள் மட்டும் இருக்கின்றன. அவை இல்லையென்றால், அப்படி ஒன்று நடந்தது என்பதற்குப் போலீஸ் ரிக்கார்டு ஒன்றே சாட்சியாக இருந்திருக்கும்.

பதிவு என்பது நினைவுக்கு மட்டும்தானா? இல்லை. அதே நகரின் குயின்ஸ் பகுதியில் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ என்ற பழைய தொழிற்சாலைக் கட்டடம் இருந்தது. உரிமையாளரின் அனுமதியோடு ஓவியர்கள் அதன் சுவர்களில் ஆண்டுக்கணக்கில் தீட்டினார்கள். அடுக்குமாடி கட்டுவதற்காக 2013 நவம்பர் 19 அன்று, பொழுது விடிவதற்குள் உரிமையாளர் எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துவிட்டார். நம் சுவருக்கு நடந்தது போலவே. ஓவியர்கள் வழக்குப் போட்டார்கள். ஒவ்வோர் ஓவியத்துக்கும் தனித்தனியே படமும் விவரமும் சேர்த்துக் கட்டு கட்டாக நீதிமன்றத்தில் வைத்தார்கள். 2018 பிப்ரவரியில், 45 ஓவியங்களுக்காக 21 பேருக்கு 67 லட்சம் டாலருக்கு மேல் தரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. 2020இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. படம் இல்லாதிருந்தால் வெள்ளைச் சுவரைக் காட்டியா வழக்காடியிருக்க முடியும்?

நம் அனுபவமும் இதையே சொல்கிறது. 1976இல் மகாராஷ்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்தது. போட்டோ பாஸ் வந்தது. 1985இல் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, 1976 கணக்கெடுப்பில் சேர்ந்து அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தரவேண்டும் என்றது. அட்டை இருந்தவனுக்கு இடம் கேட்க வாய் இருந்தது, இல்லாதவனுக்கு இல்லை. வாழ்ந்தது இருவரும்தான். ஆகவே நம் வீட்டுக் கதவில் சர்வேக்காரர் எழுதிப்போகும் எண்ணோடு நம் கதை முடிந்துவிடலாகாது. நாமே எழுதியதும் ஏட்டில் இருக்கவேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம் சந்துகளுக்குக் காமிராவோடு வருகிறவர்கள் பலர். பல வேளைகளில் படமெடுத்தவர் பெயர் அச்சாகிறது. படத்தில் உள்ளவர் பெயர் அச்சாவதில்லை. கூப்பரும் சால்ஃபன்டும் எழுதியவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயரைப் படத்தோடு போட்டார்கள். அந்த மரியாதையை நாம் எல்லோரிடமும் கேட்கவேண்டும். சென்னையில், குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களைக் குடிவைத்த கண்ணகி நகரில், 2020 முதல் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கின்றன, வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அந்த ஓவியங்களைப் படமெடுக்க வெளியூரிலிருந்தும் ஆள் வருவார்கள். படிக்கட்டுச் சுவரில் ஒரு பிள்ளை கரிக்கட்டையால் எழுதிய தன் பெயரைப் படமெடுப்பது அங்கே வாழ்கிறவர்களின் வேலை. வேறு யாரும் செய்யமாட்டார்கள்.

ஆகவே நம் செயற்குழு முடிவு செய்திருப்பது இது. ஒவ்வொரு கிளையும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பகுதிச் சுவர்களைச் சுற்றிவந்து படமெடுக்கவேண்டும். இன்று போன் இல்லாத வீடில்லை. படத்தோடு இடம், தேதி, எழுதியவர் பெயர், என்ன எழுதியிருக்கிறது என்ற நான்கையும் நோட்டில் குறிக்கவேண்டும். எழுதியவரைக் கேட்காமல் அவர் பெயரையோ முகத்தையோ வெளியிடலாகாது. அனுமதியில்லாத சுவரில் எழுதினால் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கு வரும் என்பது நினைவிருக்கட்டும். நம் இளைஞர்கள் புதிதாக எழுதுவதானால் சங்கச் சுவர் இருக்கிறது. ரயில் பக்கம் போகவேண்டாம். பழைய கல்யாணப் படம், ஊர்வலப் படம் வைத்திருக்கும் தாய்மார்கள் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பின்னணியில் எந்தச் சுவராவது தெரிந்தால் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம்.

பெரிய நோட்டு ஒன்று வாங்கியாயிற்று. முதல் பக்கத்தில் ஒட்டப் படமில்லை. ஆகவே அந்தப் பெயின்டர் தோழரையும் அந்தப் பெண்ணையும் உட்காரவைத்து, அழிந்துபோன 17 பெயர்களையும் நினைவிலிருந்து எழுதத் தொடங்கினோம். 14 பெயர்கள் கிடைத்துவிட்டன. மீதி மூன்று பெயர்களும் உங்களில் யாருக்கேனும் தெரிந்திருக்கும். வந்து சொல்லுங்கள்.