பழைய மில்லிங் மெஷின் இரண்டு: எதை வாங்கலாம்?

கேள்வி: எனக்கு மூன்று ஏக்கர் தென்னை. மகன் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் நான்கு வருடம் வேலை பார்த்தான். இப்போது ஊருக்கே வந்து, வீட்டுக் கொட்டகையில் பட்டறை வைக்கிறேன் என்கிறான். லேத்தும் வெல்டிங் செட்டும் வாங்கிவிட்டோம். அடுத்து மில்லிங் மெஷின் வேண்டுமாம். பழைய மெஷின்கள் இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று எச்.எம்.டி. ஹாரிசான்டல், ஆர்பரோடு 1,40,000 ரூபாய். இன்னொன்று டரட் வகை வெர்டிகல், புதுப் பெயின்ட் அடித்தது, 2,60,000 ரூபாய். அவன் அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் வாங்க வேண்டும். எதை வாங்கலாம்?
– வாசகர், உடுமலைப்பேட்டை வட்டாரம்

பதில்: வேளாண் அலுவலரிடம் போய் இரும்பு மெஷினைப் பற்றிக் கேட்கிறாரே என்று மற்ற வாசகர்கள் நினைக்க வேண்டாம். உழவு நேரத்தில் ரோட்டவேட்டர் ஷாஃப்ட் ஒடிந்து, அதைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும், ஊரிலேயே ஒரு நல்ல பட்டறை இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று.

இந்தக் கேள்வியில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. பதினைந்து வருடத்துக்கு முன்பு என் மைத்துனர் பட்டறைக்குப் பழைய மில்லிங் மெஷின் வாங்க நானும் கூடப் போனேன். பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. சுவிட்சைப் போட்டார்கள், ஓடியது. நான் விலையைக் குறைப்பதிலேயே குறியாக இருந்தேன். ஐந்தாயிரம் குறைத்ததும் பெரிய சாதனை செய்த மாதிரி பணத்தை எண்ணிக் கொடுத்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, டேபிள் நடுப்பகுதியில் தேய்ந்து கிடந்தது. இரண்டு வருடம் டேபிளின் ஓரத்திலேயே வேலையைக் கட்டி ஓட்டினார், பாவம். கடைசியில் எடைக்குப் போட்டார். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம், மடியைத் தொட்டுப் பார்க்கிறோம். தோலின் மினுமினுப்பை மட்டும் பார்த்து யாரும் பணம் கொடுப்பதில்லை. மெஷினுக்கும் அதே கதைதான்.

முதலில் வேலையைப் பாருங்கள்

எந்த மெஷின் நல்லது என்று கேட்பதற்கு முன், உங்கள் வாசலுக்கு என்ன வேலை வரும் என்று பாருங்கள். ஒரு நோட்டில், சுற்று ஊர்களிலிருந்து இந்த மூன்று மாதத்தில் என்னென்ன வேலை கேட்டு வந்தார்கள் என்று மகனை எழுதி வைக்கச் சொல்லுங்கள். கிராமத்துப் பட்டறைக்குப் பெரும்பாலும் வருவது இவைதான்: பம்ப் ஷாஃப்ட், பவர் டில்லர் ஷாஃப்ட்களில் கீ-வே வெட்டுவது, ஃபிளேஞ்சில் வட்டமாக அளவு பிசகாமல் துளை போடுவது, சின்ன இன்ஜின் ஹெட்டின் முகத்தைச் சமப்படுத்துவது, தேய்ந்த பிராக்கெட்டுக்குப் பதில் புதிதாக ஒன்று செய்வது.

ஹாரிசான்டல் மெஷினில் கட்டர், படுக்கையாக இருக்கும் ஆர்பரில் சக்கரம் மாதிரி மாட்டப்பட்டிருக்கும். ஷாஃப்ட்டின் முனையிலிருந்து திறந்தபடி ஓடும் கீ-வேயை ஒரே இழுப்பில் வெட்டிவிடும். பல் சக்கரம் வெட்டவும் ஏற்றது. ஆனால் ஷாஃப்ட்டின் நடுவில், இரண்டு முனையும் மூடிய கீ-வே வேண்டுமென்றால், துளை போட வேண்டுமென்றால், குழி எடுக்க வேண்டுமென்றால் வெர்டிகல்தான் வசதி. டரட் வகையில் தலையைச் சாய்க்கலாம், முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஒரே ஒரு மில்லிங் மெஷின்தான் வைக்க முடியும் என்றால், பலதரப்பட்ட ரிப்பேர் வேலைக்கு வெர்டிகல்தான் கை கொடுக்கும்.

இரண்டு விஷயத்தில் ஏமாற வேண்டாம். புல்லியின் உள் துளையில் கீ-வே வெட்டுவது மில்லிங் வேலை அல்ல. அதற்கு ஸ்லாட்டிங் மெஷின் அல்லது பிரோச் வேண்டும். பல் சக்கரம் வெட்டுவது என்றால் மெஷின் மட்டும் போதாது. இன்டெக்ஸிங் ஹெட் வேண்டும். ஒவ்வொரு மாட்யூல் அளவுக்கும் எட்டு கட்டர் கொண்ட ஒரு செட் வேண்டும். மாதத்துக்கு ஒரு கியர் வேலைக்காக இவ்வளவு முதல் போட்டால் கட்டாது.

சோதனை செய்யாமல் முன்பணம் வேண்டாம்

எச்.எம்.டி. என்றால் நம் வீடுகளில் கைக்கடிகாரமும் டிராக்டரும் நினைவுக்கு வரும். 1953-ல் பெங்களூருவில் தொடங்கிய அந்த அரசு நிறுவனத்தின் முதல் தொழிலே மெஷின் டூல் செய்வதுதான். அதன் எஃப்.என். வரிசை மில்லிங் மெஷின்கள் பல பட்டறைகளில் இன்னும் ஓடுகின்றன. வார்ப்பு கனமானது, உழைக்கும். ஆனால் பெயர்ப்பலகை பழைய பெருமையைச் சொல்லுமே தவிர, இன்றைய தேய்மானத்தைச் சொல்லாது. மகன் ஒரு டயல் கேஜ், ஒரு டார்ச், பழைய துணி ஆகியவற்றோடு போகட்டும். இரண்டு மெஷினையும் இப்படிப் பார்க்கட்டும்.

டேபிள்: வைஸ் பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும், வேலையும் அங்கேயே நடக்கும். அதனால் நடுப்பகுதிதான் முதலில் தேயும். டேபிளை நடுவில் வைத்து, ஆட்டமில்லாமல் ஜிப்பை இறுக்க வேண்டும். பிறகு கைப்பிடியைச் சுற்றி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓட்ட வேண்டும். ஓரத்தில் போய் இறுகி நின்றால், நடுவில் தேய்மானம் அதிகம் என்று அர்த்தம். நாங்கள் அன்று செய்யாமல் விட்டது இந்த ஐந்து நிமிடச் சோதனையைத்தான்.

ஸ்குரூ: கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றிவிட்டு எதிர்ப்பக்கம் திருப்பும்போது, டேபிள் அசைவதற்கு முன் கைப்பிடி எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்று பாருங்கள். 5 மி.மீ. புரி ஸ்குரூவில் கால் சுற்று சும்மா சுற்றினால் 1.25 மி.மீ. ஆட்டம். நட்டு தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஸ்குரூவே நடுவில் தேய்ந்திருந்தால் செலவு கூடும். டயலில் அளவு மில்லிமீட்டரா, அங்குலமா என்பதையும் பாருங்கள். பழைய இறக்குமதி மெஷின்கள் பலவற்றில் அங்குலம்தான்.

ஸ்பிண்டில்: கட்டர் மாட்டும் குழிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் கீறல் தெரியும். டயல் கேஜை உள்ளே தொடவைத்துக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். முள் 0.01, 0.02 மி.மீ. ஆடினால் நம் வேலைக்குக் கவலையில்லை. அதற்கு மேல் ஏற ஏற பேரிங் செலவை மனதில் வையுங்கள். பிறகு அதிக வேகத்தில் அரை மணி நேரம் ஓடட்டும். பேரிங் இருக்கும் இடத்தில் கை வைத்தால் வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு கூடாது. எல்லா வேகத்தையும், ஆட்டோ ஃபீடை எல்லாப் பக்கமும் போட்டுப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தை மட்டும் போட்டுக் காட்டாமல் தவிர்த்தால், அந்த கியரில்தான் கோளாறு.

வார்ப்பு: புதுப் பெயின்ட்டுக்குக் கீழே வெல்டிங் தழும்பு, வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டேபிளின் டி-ஸ்லாட் ஓரம் உடைந்திருக்கிறதா, துளை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு துளை வேலையைக் கெடுக்காது. ஆனால் ஓட்டியவர் எப்படி வைத்திருந்தார் என்பதைச் சொல்லும்.

கடைசியாக, ஒரு இரும்புத் துண்டைக் கட்டி வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.

கொண்டுவருவதும் நிறுத்துவதும்

சாதாரண டரட் மெஷின் சுமார் ஒரு டன் இருக்கும். எச்.எம்.டி. ஹாரிசான்டல் அதைவிடப் பல மடங்கு தொந்தரவு கொடுக்கும் கனம். கிரேன், லாரி, உங்கள் வீட்டுப் பாதையின் அகலம், கொட்டகையின் தரை எல்லாவற்றையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மண் தரையில் நிறுத்தக் கூடாது, கெட்டியான கான்கிரீட் வேண்டும். டரட் மெஷினில் டிராபாரை மேல் பக்கமாக உருவி எடுக்க வேண்டும், அதற்கும் தகரக் கூரையில் இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

தோட்டத்து இலவச மின்சாரம் வேண்டாம்

இதை அலுவலராகவே சொல்கிறேன். கொட்டகை பக்கத்தில் மும்முனை இணைப்பு இருக்கிறதே என்று பம்ப்செட் இணைப்பிலிருந்து பட்டறைக்கு ஒயர் இழுக்காதீர்கள். விவசாயத்துக்குத் தந்த மின்சாரத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அந்தப் பிரிவுக்கு உரிய கட்டணத்தைப்போல இரு மடங்கு கேட்பார்கள். குடிசைத் தொழில், சிறுதொழிலுக்கென்று தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. மின்வாரிய அலுவலகத்தில் முறையாக விண்ணப்பியுங்கள். இப்போதைக்கு ஒருமுனை இணைப்புதான் என்றால், சிறிய மோட்டாரை வி.எஃப்.டி. வைத்து ஓட்ட வழி உண்டு. மோட்டாரை டெல்டா இணைப்புக்கு மாற்ற முடியுமா என்று ஒயர்மேனிடம் முதலில் கேளுங்கள்.

பணத்தைப் பற்றி

மெஷினுக்கே முழுப் பணத்தையும் போட்டுவிட்டால், வைஸ், கிளாம்ப், கோலெட், கட்டர் வாங்கக் காசிருக்காது. கட்டர் இல்லாத மில்லிங் மெஷின், கொழு இல்லாத கலப்பை. கையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கை இவற்றுக்கு ஒதுக்குங்கள். மெஷினோடு என்னென்ன சாமான் வரும் என்று எழுதி வாங்குங்கள். பழைய கைக்கு ஏற்ற டேப்பர் எது, அந்த அளவில் கட்டர் பிடிப்பான்கள் கோவையில் கிடைக்குமா என்பதையும் மகன் விசாரிக்கட்டும்.

நகையை அடகு வைப்பதாக இருந்தால், பயிர்க் கடன் என்று எழுதிக் கொடுத்து மெஷின் வாங்காதீர்கள். மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் திட்டங்கள் உண்டு. பழைய மெஷினுக்கு அவை பொருந்துமா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் முடிவு

நீங்கள் எழுதியிருக்கும் வேலைக்கு, சோதனையில் தேறினால் டரட் வெர்டிகலே வாங்கலாம். புதுப் பெயின்ட்டைக் காட்டி விலை சொல்கிறார்கள். தேய்மானம் தெரிந்தால் அதைக் கழித்துக் கேளுங்கள். ஹாரிசான்டலோடு வெர்டிகல் ஹெட்டும் இன்டெக்ஸிங் ஹெட்டும் சேர்ந்து வருவதாக இருந்து, டேபிளும் நன்றாக இருந்தால், அது மலிவான நல்ல பொருள். வெறும் ஆர்பரோடு என்றால் உங்களுக்கு வேண்டாம். இரண்டுமே தேறாவிட்டால் இரண்டையும் விட்டுவிடுங்கள். அதுவரை லேத்திலேயே வெர்டிகல் ஸ்லைடு மாட்டிச் சின்ன கீ-வேக்களை வெட்டலாம். ஆறு மாதம் அப்படி ஓட்டினாலே, நோட்டில் எழுதிய வேலை உண்மையா என்று தெரிந்துவிடும்.

மெஷின் வந்த பிறகு ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஓடும் கட்டர் பக்கத்தில் வேட்டி, துண்டு, கையுறை எதுவும் கூடாது. இரும்புத் துருவலைக் கையால் தட்டாமல், மெஷினை நிறுத்திவிட்டு பிரஷ்ஷால் தள்ளச் சொல்லுங்கள்.

டவுனில் வேலை பார்த்த பிள்ளை ஊருக்குத் திரும்பி வருகிறேன் என்கிறான். அது பெரிய விஷயம். அவன் அம்மாவின் நகை வீட்டுக்குத் திரும்பி வரும்படியாக அவசரப்படாமல் வாங்குங்கள். முதல் கீ-வே வெட்டியதும் இந்தப் பகுதிக்கு ஒரு கடிதம் போடுங்கள்.