பிள்ளை பார்க்கப் போகும்போது கையில் என்ன?



சென்ற இதழில் வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுவது பற்றிப் பேசியிருந்தோம். அதன் பின்னர் நானாட்டான் பகுதியில் நடந்த ஒரு பெண்கள் குழுக் கூட்டத்தில் சிலர் தமது கணக்குக் கொப்பிகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். அரிசி, மா, பிள்ளைகளின் வகுப்புக் காசு, மருந்து என்று வரிசையாக எழுதியிருந்த அந்தக் கொப்பிகள் பலவற்றில் ஒரு செலவு திரும்பத் திரும்ப வந்தது. "பிள்ளை பார்க்க" என்பதே அது. களை பிடுங்கியும் கடலுணவு காயவைத்தும் நாட்கூலி பெறும் பெண்களுக்கு இது சிறிய செலவல்ல. ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே பேசுவோம்.

யுத்தத்தில் இத்தனை உயிர்களை இழந்த எமது கிராமங்களில் ஒரு பிள்ளை பிறப்பது அந்த வீட்டுக்கு மட்டும் உரிய சந்தோசமல்ல. ஊரே அதில் பங்குகொள்ள விரும்புகிறது. ஆனால் அந்தச் சந்தோசம் சிலருக்குப் பாரமாகிவிடுகிறது. அன்றைய கூட்டத்தில் ஒரு சகோதரி சொன்னதை அப்படியே தருகிறேன். "அவவும் நானும் முகாமில ஒரே தறப்பாளுக்குக் கீழ கிடந்தனாங்கள், மிஸ். இப்ப அவட மகளுக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதமாப் போச்சு. வெறுங்கையோட எப்பிடிப் போறது? அதால நான் போகவே இல்லை." இன்னொருவர் தோட்டை அடைவு வைத்து மோதிரம் வாங்கிக் கொடுத்திருந்தார். அந்தத் தோடு இன்னமும் மீளவில்லை. ஒருவருக்குத் தோடு போனது. மற்றவருக்கு உறவே போகப் பார்க்கிறது. இரண்டாவது இழப்பே பெரியது என்பது எனது எண்ணம்.

கொடுப்பது, பெற்றுக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது ஆகிய மூன்றும் பல சமூகங்களில் கடமைகளாகவே இருக்கின்றன என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925 ஆம் ஆண்டில் எழுதினார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பாடத்தில் இதைப் படித்தபோது எனக்கு அது வெறும் பாடமாகவே இருந்தது. கிராமங்களில் வேலை செய்யத் தொடங்கிய பின்னர்தான் அதன் கருத்து விளங்கியது. நாம் ஒரு மோதிரம் கொடுத்தால் பெற்றவளும் ஒருநாள் மோதிரமே தரவேண்டும் என்றாகிறது. அவளிடமும் காசு இல்லை. இப்படியாக எமது பரிசு அவளுக்கு ஒரு கடனாக மாறிவிடுகிறது.

தங்கத்தின் விலையை அறியாதவர்கள் இல்லை. 2025 ஒக்டோபரில் ஒரு பவுண் மூன்று இலட்சம் ரூபாவைத் தாண்டியது. ஒரு பவுண் 8 கிராம். அப்படியாயின் ஒரு கிராமில் ஒரு சிறு மோதிரம் செய்தாலும் கூலி தவிர்த்தே 37,500 ரூபாவுக்கு மேல் வருகிறது. இதற்காக வாரக் கடன் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். நுண்கடன் எமது பெண்களை எவ்வளவு நெருக்கியது என்றால், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு 2018 இல் அரசாங்கமே நிவாரணம் வழங்க நேரிட்டது. பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்வதற்காக மீண்டும் அந்தக் கிடங்கில் விழத் தேவையில்லை.

எமது வழக்கங்களும் இதை எம்மிடம் கேட்கவில்லை. பஞ்சாயுதம், காப்பு, அறைஞாண் என்பவை பேரன் பேத்தி, மாமன் போன்ற இரத்த உறவினர் செய்துபோடுபவை. கத்தோலிக்கக் குடும்பங்களில் ஞானஸ்நானத்துக்கு வெள்ளை உடுப்பு எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஞானத்தாயின் பங்கு. முஸ்லிம் சகோதரிகளின் வீடுகளில் ஏழாம் நாள் பிள்ளையின் முடியை இறக்கி, அதன் எடைக்கு வெள்ளியை ஏழைகளுக்குத் தர்மம் செய்வார்கள். பிறப்பைக் கொண்டாடும்போதே இல்லாதவரை நினைக்கும் நல்ல வழக்கம் அது. இவற்றில் எதிலும் சிநேகிதி தங்கம் கொண்டுவர வேண்டும் என்று இல்லை. சிநேகிதியின் இடம் வேறு. தாய்க்கும் பிள்ளைக்கும் நாளாந்தம் உதவக்கூடிய ஒன்றைக் கொடுப்பதே அவளுக்குப் பொருத்தம்.

அப்படியானால் எதைக் கொடுக்கலாம்? அரசாங்கங்கள் கொடுத்த இரண்டு பெட்டிகளைப் பார்த்தால் எமக்கு ஒரு வழி கிடைக்கும். பின்லாந்து நாடு 1938 இல் வறிய தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் பிள்ளைப் பெட்டி ஒன்றை வழங்கத் தொடங்கியது. உடுப்புகளும் சிறு மெத்தையும் கொண்ட அந்தப் பெட்டியே பிள்ளைக்குப் படுக்கையாகவும் பயன்பட்டது. தாய்ப்பாலை ஊக்குவிப்பதற்காகப் பிற்காலத்தில் அதிலிருந்து பாற்போத்தலை எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2015 இல் அரச வைத்தியசாலைகளில் பிறக்கும் பிள்ளைகளுக்காக அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் தொடங்கப்பட்டது. இந்திய மதிப்பில் ஆயிரம் ரூபா பெறுமதியான 16 பொருட்கள் அதில் இருந்தன. துவாய், சட்டை, படுக்கை, நுளம்பு வலை, சவர்க்காரம், கிலுகிலுப்பை ஆகியவற்றோடு தாய்க்கும் சவர்க்காரமும் லேகியமும் வைத்திருந்தார்கள். தாயை மறக்காதது அதன் சிறப்பு.

எமது பிரதேசத்துக்கு ஏற்றவற்றை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நுளம்பு வலை: பிள்ளையின் மேல் குடைபோல விரிக்கும் சிறிய வலையையே முதலாவதாகச் சொல்வேன். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது உண்மைதான். ஆனால் மலேரியாவைப் பரப்பக்கூடிய புதிய வகை நுளம்பு ஒன்று இந்த நாட்டிலேயே முதன்முதலாக மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டதாக 2017 இல் அறிவிக்கப்பட்டது. கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகும் நுளம்பு அது. டெங்கு நுளம்போ பகலில் கடிப்பது. பிள்ளை பகலிலும் அதிகம் தூங்குகிறது. ஆகவே வலை நாள்தோறும் பயன்படும்.

பருத்திச் சட்டை: தையல் தெரிந்தவர்கள் ஒரு மீற்றர் மெல்லிய பருத்தித் துணியில் இரண்டு சின்னச் சட்டைகள் தாராளமாக வெட்டலாம். பொத்தானுக்குப் பதிலாக நாடா வைத்து முன்பக்கம் முடியும்படி தையுங்கள். பிள்ளை பொத்தானைப் பிய்த்து வாயில் போடும் ஆபத்து இல்லை. எல்லோரும் பிறந்த பிள்ளையின் அளவிலேயே கொடுப்பதால் அவை ஒரு மாதத்தில் சிறுத்துவிடும். ஆறு மாத அளவில் தைத்தால் நல்லது. அப்போது என்ன காலமாக இருக்கும் என்றும் பாருங்கள். ஐப்பசி மாரியில் பிறந்த பிள்ளைக்கு ஆறு மாதமாகும்போது சித்திரை வெயில். அதற்குக் கம்பளிச் சட்டை எதற்கு? தைத்ததை ஒரு தடவை தோய்த்து, வெயிலில் காயவைத்துக் கொடுங்கள்.

பழைய துணி: தோய்த்துத் தோய்த்து மென்மையான பழைய பருத்திச் சீலையைவிட நல்ல நப்பித் துணி கடையில் கிடைப்பதில்லை. அதை அளவாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, கொதிநீரில் அவித்து, ஒரு டசினாக அடுக்கிக் கொடுத்தால் எந்தத் தாயும் மகிழ்வாள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பத்திரப் பை: தண்ணீர் புகாத, மூடக்கூடிய ஒரு கோவைப் பையை வாங்கிக் கொடுங்கள். கிளினிக் கொப்பியும் பிறப்புச் சான்றிதழும் அதில் இருக்கட்டும். இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கும் அடையாள அட்டை எடுப்பதற்கும் அலைந்த எமக்கு இதன் பெறுமதி தெரியும்.

பனையோலைப் பெட்டி: பிள்ளையின் துணிமணிகளைப் போட்டுவைக்க மூடியுள்ள ஓலைப்பெட்டி போதும். அதை அயலில் இழைக்கும் ஒரு பெண்ணிடம் வாங்கினால் உங்கள் காசு இரண்டு வீடுகளுக்கு உதவும்.

தாய்க்குச் சாப்பாடு: பிள்ளை பெற்றவளுக்குப் பசி அதிகம். பத்திய முறைப்படி அரைத்த சரக்குத்தூள், உள்ளி, நல்லெண்ணெய், ஊர்க்கோழி முட்டை, முருங்கையிலை, கிடைத்தால் பால்சுறா என எதைக் கொடுத்தாலும் அது பிள்ளைக்கும் போய்ச் சேரும்.

கொடுக்காமல் விடவேண்டியவையும் உண்டு. பால்மா ரின்னும் பாற்போத்தலும் வேண்டாம். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே போதும். போத்தலை அவிக்கத் தண்ணீரும் விறகும் இல்லாத காலங்களைக் கடந்து வந்தவர்கள் நாம். பால் கொடுப்பதில் சிரமப்படும் தாயைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேன் ஒரு வயதுக்கு முன்னர் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி கைக்குழந்தைக்குக் கடும் நோயைத் தரலாம். பவுடர் தூள் பிள்ளையின் மூச்சில் போகும். சில கண் மைகளில் ஈயம் கலந்திருக்கலாம். சில்லு வைத்த நடைவண்டிக்குள் பிள்ளையை இருத்துவதால் விபத்துக்கள் ஏற்படுவதைக் கண்டு கனடா 2004 இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. பஞ்சுப் பொம்மையை அழகுக்குக் கொடுத்தாலும் தூங்கும் பிள்ளையின் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

கையில் ஒரு ரூபாவும் இல்லாத மாதம் எல்லோருக்கும் வரும். அப்போது உங்கள் நேரத்தைக் கொடுங்கள். ஒரு வாளி துணி தோய்த்துக் கொடுப்பது, தாய் இரண்டு மணித்தியாலம் தூங்கும்வரை பிள்ளையை வைத்திருப்பது, மூத்த பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்வது ஆகிய எதற்கும் காசு தேவையில்லை. பிறப்பை 42 நாட்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும். மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவு என்று மேலும் பல பத்திரங்களோடு அலைய நேரிடும். கணவன் இல்லாமல் அல்லது கணவனைப் பற்றிய தகவலே இல்லாமல் பிள்ளையோடு நிற்கும் பெண், அங்கே கேட்கப்படும் கேள்விகளுக்குப் பயந்து நாட்களைக் கடத்திவிடுகிறாள். அவளோடு பதிவாளரிடம் போய்ப் பக்கத்தில் நிற்பது தங்கத்தைவிடப் பெரிய பரிசு. அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் அதைக் கையில் வைத்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வடக்கு கிழக்கில் 89,000 விதவைகள் இருப்பதாக 2010 இல் அரசாங்கத் தரப்பில் கூறப்பட்டது. அவர்களில் பலர் பரிசு இருந்தும் பிள்ளை பார்க்கப் போவதில்லை. போனாலும் வாசலில் நின்றுவிடுகிறார்கள். முழுவியளம் சரியில்லை என்ற ஒரு சொல் அவர்களை அங்கே நிறுத்திவைக்கிறது. பிள்ளையின் தாய்மாருக்கு நான் சொல்வது இதுதான். அந்தத் தோழியை நீங்களே உள்ளே கூப்பிடுங்கள். பிள்ளையை அவளது கையில் கொடுங்கள். இடம்பெயர்ந்து ஓடியபோது மற்றவர்களின் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய கைகள் அவை. அன்று எவரும் முழுவியளம் பார்க்கவில்லை.

இனி உங்கள் சங்கங்களுக்கு ஒரு யோசனை. 20 பேர் உள்ள ஒரு மாதர் சங்கத்தில் ஆளுக்கு மாதம் 50 ரூபா போட்டால் மாதம் ஆயிரம் ரூபா சேரும். ஆண்டுக்கு 12,000 ரூபா. அங்கத்தவர் வீடுகளில் ஆண்டில் நான்கு பிள்ளைகள் பிறந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 3,000 ரூபாவுக்கு ஒரே மாதிரியான பெட்டி கொடுக்கலாம். வலை, இரண்டு சட்டை, நப்பித் துணி, பத்திரப் பை, தாய்க்குச் சரக்குத்தூள் என்று பட்டியலைக் கூட்டத்தில் முடிவுசெய்யுங்கள். சட்டையைத் தையல் தெரிந்த அங்கத்தவரே கூலிக்குத் தைக்கட்டும். இந்து, கத்தோலிக்க, முஸ்லிம் வீடு என்ற வேறுபாடு இல்லாமல், வசதி உள்ளவளுக்கும் இல்லாதவளுக்கும் அதே பெட்டி போகட்டும். யார் என்ன கொடுத்தார் என்ற கதைக்கு அங்கே இடமிருக்காது. எவரும் எவருக்கும் கடன்படவும் மாட்டார்கள்.

மூன்று மாதமாகப் போகாமலிருந்த சகோதரிக்குக் குழுவினர் அன்றே வழி சொன்னார்கள். வீட்டு முருங்கையில் ஒரு கட்டு இலையும், கூட்டில் இருந்த ஐந்து முட்டையும் கொண்டுபோகும்படி சொன்னார்கள். உங்கள் கிராமத்திலும் இப்படி ஒதுங்கி நிற்பவர்கள் இருப்பார்கள். இந்த இதழை வாசித்து முடித்ததும் அவர்களில் ஒருவரிடம் போங்கள். பிள்ளை பார்க்க இருவருமாகச் சேர்ந்து போய்வாருங்கள்.