வாய்ப் புற்று அறுவையில் விளிம்பைச் சோதிக்கும் கடமை

நமது நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றேயாகும். உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, 2020-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,35,000 பேருக்கு உதட்டிலும் வாயினுள்ளும் இந்நோய் புதிதாகத் தோன்றிற்று. ஏறத்தாழ 75,000 பேர் இதனால் மாண்டனர். புகையிலையையும் பாக்கையும் விலக்குமாறு எடுத்துரைக்கும் பணியை ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் செவ்வனே ஆற்றி வருகின்றனர். ஆயினும், நோய் வந்தபின் அறுவை அறையில் நிகழவேண்டிய ஒரு செயலைப் பற்றி அவர்களிடம் எவரும் விளக்கமாகக் கூறுவதில்லை. அதுவே விளிம்புச் சோதனை.

கன்னத்திலோ நாவிலோ எழுந்த கட்டியை மருத்துவர் கட்டியின் அளவாக மட்டும் வெட்டுவதில்லை. கண்ணுக்கும் விரலுக்கும் புலப்படாத புற்றணுக்கள் சுற்றியுள்ள திசுவில் ஊடுருவியிருக்கக்கூடும். களையை எடுப்பவன் வேரைச் சுற்றிய மண்ணோடு பெயர்ப்பதுபோல, நலமான திசுவையும் ஓர் ஓரமாகச் சேர்த்தே அவர் எடுக்கிறார். நுண்நோக்கியில் அளக்கையில், புற்றுக்கும் வெட்டிய விளிம்புக்கும் இடையே 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நலமான திசு இருப்பின் அது தூய விளிம்பு. 1 முதல் 5 மில்லிமீட்டருக்குள் இருப்பின் நெருங்கிய விளிம்பு. 1 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் நோயுற்ற விளிம்பு. பரவலாக வழங்கும் வகுப்புமுறை இதுவே. வெட்டிய திசு உடனே சுருங்கும். பார்மலினில் இட்டபின் மேலும் சுருங்கும். ஆதலின் அறுவையின்போது ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் அளந்து வெட்டுவது வழக்கம். அதற்கும் மேல் தாராளமாக வெட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். நாவில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பேச்சுக்கும் விழுங்குதலுக்கும் உரியது என்பதே அதற்கு விடை.

முழுமையான நோய்க்கூற்று அறிக்கை வருவதற்குச் சில நாட்கள் செல்லும். அதற்குள் புண் மூடப்பட்டிருக்கும். பல நோயாளிகளுக்கு மார்பிலிருந்தோ தொடையிலிருந்தோ எடுத்த தசையும் தோலும் கொண்டு பள்ளம் நிரப்பப்பட்டிருக்கும். அப்போது விளிம்பில் நோய் எஞ்சியுள்ளதென அறிக்கை கூறுமாயின், அந்த இடத்தை மீண்டும் தேடிக் கண்டு வெட்டுவது மிகக் கடினம். ஆகவே நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே விளிம்பைச் சோதித்துவிடுவதே அறிவுடைமை.

இதற்குரிய பழைய முறை உறைநிலைச் சோதனை. 1905-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் லூயி வில்சன் என்னும் மருத்துவர், உறையவைத்த திசுவைச் சீவிச் சாயமேற்றி, அறுவை முடியுமுன்னரே முடிவு கூறும் வழியைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார். இன்று ஏறத்தாழ கழி 20 பாகை செல்சியசு குளிரில் இயங்கும் கருவியில் திசு சீவப்படுகிறது. அரைமணி நேர அளவில் முடிவு கிடைக்கிறது. பயன் பெரிது, குறைகளும் உள. எலும்பை இம்முறையில் சீவ இயலாது. சோதிக்கப்படுவது சில துண்டுகளே. விளிம்பு முழுவதும் அன்று. கருவியும் நிபுணரும் பெரிய நகரங்களிலேயே குவிந்துள்ளன.

துண்டை எங்கிருந்து எடுப்பது என்பது மற்றொரு கேள்வி. வாயில் எஞ்சிய பள்ளத்தின் ஓரத்திலிருந்து கிள்ளி எடுத்து அனுப்புவது எளிது. ஆனால் சரியான இடத்தைத் தவறவிடவும் அதில் வாய்ப்புண்டு. வெட்டியெடுத்த பகுதியையே திசை குறித்து வைத்து அதன் விளிம்பை ஆராய்ந்தால், புற்றுக்கும் விளிம்புக்கும் உள்ள தொலைவை நேரே அளக்கலாம். புற்றுநோய் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக்குழுவின் எட்டாம் பதிப்பும் இம்முறையையே பரிந்துரைக்கிறது.

நான் வலியுறுத்த விரும்புவது இதுவே: உறைநிலைக் கருவி இல்லை என்பது சோதனையையே கைவிடுவதற்குக் காரணமாகாது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வொன்று, வெட்டிய பகுதியை அறுவை மருத்துவரே கண்ணால் ஆராய்ந்து அளப்பதை உறைநிலைச் சோதனையோடு ஒப்பிட்டு, அது மாற்று முறையாக அமையத்தக்கது என எடுத்துக்காட்டிற்று. பகுதியை வெட்டிப் பார்த்து அளவுகோல் வைத்து அளக்கவேண்டும்; ஓரம் குறுகியிருப்பின் அந்தப் பக்கத்திலேயே மேலும் எடுக்கவேண்டும். கூரிய கத்தியும் அளவுகோலும் வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரவேண்டியதில்லை. நோய்க்கூற்று நிபுணர் உள்ள இடங்களில் அவரும் அருகிருந்து காண்பது சாலச் சிறந்தது.

முதலில் நோயுற்றிருந்த விளிம்பை மேலும் வெட்டித் தூய்மையாக்கினாலும், தொடக்கத்திலேயே தூய்மையாக இருந்ததற்கு ஒப்பான பயன் எப்போதும் கிட்டுவதில்லை என்று சிலர் கூறுவர். ஆய்வுகள் பலவும் அவ்வாறே காட்டுகின்றன. எனினும் இது முதல் வெட்டிலேயே கவனத்தோடு அளக்கவேண்டும் என்பதற்குச் சான்றேயன்றி, அளவாமல் விடுவதற்குச் சான்றாகாது.

களப் பணியாளரின் கடமை இங்கே தொடங்குகிறது. அறுவை முடிந்து ஊர் திரும்பியவர் இறுதி அறிக்கையைப் பெற்றாரா என்று கேட்டறிதல் வேண்டும். கதிர்வீச்சு தேவைப்படுமாயின், அறுவைக்குப் பின் ஆறு வாரங்களுக்குள் தொடங்குவதே நன்று, காலம் கடத்தலாகாது. சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறிக்கையில் விளிம்பு ‘நெகட்டிவ்’ என்று கண்டவுடன் தீய செய்தி எனக் கலங்குவோர் உண்டு. ‘பாசிட்டிவ்’ என்று கண்டு மகிழ்ந்து, மருத்துவமனைக்குத் திரும்பாமலே இருந்துவிடுவதும் நேரக்கூடும். மொழிபெயர்ப்போர்க்கு இது சொற்சிக்கல், நோயாளிக்கோ உயிர்ச்சிக்கல். ‘தூய விளிம்பு’, ‘நெருங்கிய விளிம்பு’, ‘நோயுற்ற விளிம்பு’ என்னும் எளிய சொற்களை அறிக்கையின் அடியில் தமிழில் எழுதித் தருவது மருத்துவமனைகளுக்கு இயலாததன்று. அது வழக்கத்திற்கு வரும்வரை, அறிக்கையைப் படித்து அதன் பொருளை நோயாளிக்கு விளக்கும் பணியை நமது பணியாளர்களும் ஆசிரியர்களும் ஏற்பார்களாக.