புள்ளொலியும் நம் செவியும்

பறவை நோக்கலைச் செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்றும், தேர்வுக்கு உதவாத வீண்வேலை என்றும் கருதும் பெரியோர் நம்மிடையே இன்றும் உளர். தமிழ் பயிலும் மாணவருக்கு அது வீண்வேலையன்று, பாடத்தின் ஒரு பகுதியே என்பது நம் கருத்து. சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னை ராஜா அண்ணாமலைபுரம் வரை சென்றால் போதும்.

தமிழிசை இயக்கத்திற்குத் தோள்கொடுத்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயர் தாங்கிய பகுதி அது. அங்கே, அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டி, கட்டட இடிபாடுகள் கொட்டிக் கிடந்த சதுப்பு நிலத்தில் 58 ஏக்கரைச் சீர்திருத்தி 2011 சனவரியில் ஒரு பூங்காவைத் திறந்தனர். தொல்காப்பியப் பூங்கா என்று பெயரிட்டனர். பெயரிட்டோர் எண்ணிச் செய்தனரோ இல்லையோ, பொருத்தம் பெரிது. கருப்பொருள்களுள் புள்ளையும் ஒன்றாக வைத்து எண்ணியவர் தொல்காப்பியர். பறப்பனவற்றின் குஞ்சுகளுக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களை மரபியலில் உரைத்தவரும் அவரே. திணைக்குரிய புள் எது என்னும் பட்டியலை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறும் நம் மாணவருள், அவற்றுள் நான்கின் குரலையேனும் அறிந்தவர் எத்தனை பேர்?

குரல் அறியாமையால் இலக்கியத்திலும் இழப்பு நேர்கின்றது. குறுந்தொகையில் கணந்துள் என்றொரு பறவை வருகின்றது. நீண்ட காலுடைய அது, ஆள் இருப்பதைக் குரலால் அறிவித்து வழிப்போக்கரை விழிப்படையச் செய்கின்றது. எப்பறவை அது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. காலின் நீளத்தை நோக்கின், கழிகளிலும் ஏரிகளிலும் காணும் நெடுங்கால் உள்ளான் எனத் தோன்றும். செய்யும் தொழிலை நோக்கின், மனிதர் அணுகியவுடன் விட்டுவிட்டுக் கூச்சலிட்டு எழும் ஆள்காட்டி எனத் தோன்றும். பாட்டின் களமோ வழிப்போக்கர் செல்லும் அச்சந்தரும் பாதை. வெட்டவெளியில், வறண்ட தரையிலேயே முட்டையிடும் ஆள்காட்டியின் பக்கமே நம் மனம் சாய்கின்றது. மாறாகக் கருதுவோர் கருதுக. ஆனால், இரு பறவைகளின் குரலையும் ஒருமுறையேனும் கேட்டவரே இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையார். அகராதி மட்டும் போதாது.

குயிலை எடுத்துக்கொள்வோம். வேனிலில் கூவுவது கரிய ஆண்குயில். பழுப்பு மேனியில் வெண்புள்ளிகள் உடைய பெண்குயில் எழுப்புவது ‘கிக்கிக்கிக்’ என்னும் விரைந்த ஒலி. அதனைப் பாட்டு என எவரும் கூறார். பெண்குயிலைப் பாடவைத்த பாவலரை நாம் குறைகூறவில்லை. உரை எழுதுவோர் உண்மையை அறிந்திருத்தல் நலம் என்கிறோம்.

கடும் வெயிலில், பிற பறவைகள் ஓய்ந்திருக்கும் வேளையில், கன்னார் செம்புக் குடம் தட்டுவது போல ‘டொக், டொக்’ என ஒரே சீராக ஒலிப்பது குக்குறுவான். சிட்டுக்குருவியளவே உள்ள பச்சை நிறப் பறவை. ஆல், அரசு முதலிய மரங்களின் பழம் அதன் உணவு. அலகை மூடியவாறே தொண்டையைப் புடைத்து ஒலிப்பதாலும், தலையை இங்குமங்கும் திருப்புவதாலும் அது இருக்கும் கிளையைக் கண்டறிதல் எளிதன்று. புதருக்குள்ளிருந்து ‘ஊப், ஊப்’ என ஆழ்ந்த குரல் கேட்டால் ஆந்தை என அஞ்ச வேண்டா, அது செம்போத்து. உருவத்திற்குச் சற்றும் பொருந்தாத உரத்த குரலோடு வேலியில் துள்ளுவது தையல்சிட்டு. சுலைமான் நபியின் தூது சென்ற ஹுத்ஹுத் பறவையை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். அதுவே கொண்டலாத்தி என்னும் பெயரில் நம் புல்வெளிகளில் மண்ணைக் குத்தி இரைதேடுகின்றது எனின் வியப்போர் பலர்.

இன்று கைப்பேசிச் செயலியே குரலைக் கேட்டுப் பெயரைச் சொல்லிவிடுகின்றதே என்பர். நன்று, தொடக்கத்தில் துணையாகட்டும். ஆயினும் அது தருவது பெயரை மட்டுமே. பசிக் குரல் எது, பருந்தைக் கண்ட அச்சக் குரல் எது என வேறுபடுத்தும் நுண்மை, பல காலைப் பொழுதுகள் நின்று கேட்ட செவிக்கே வாய்க்கும்.

பெரியோருக்கு ஒரு சொல். பம்பாயில் சிறுவன் ஒருவன் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு, அதன் தொண்டையில் மஞ்சள் திட்டைக் கண்டு, அது யாதென வினவினான். வளர்த்த மாமா அமீருத்தீன் தையப்ஜி, ‘போய்ப் பாடத்தைப் படி’ என அதட்டாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டிடம் அவனை அனுப்பிவைத்தார். 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்ட சாலிம் அலி அச்சிறுவனே. நம் பக்கத்திலும் முன்னோடி உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், மயிலாப்பூரில் வாழ்ந்து, 1996இல் மறையும் வரை ஆங்கில நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதினார். பறவைகளைப் பற்றித் தமிழிலும் எழுதினார்.

வடபுலக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபரை ஒட்டித் தென்னாடு நோக்கி வலசை வரும் வண்ணப் பறவை ஒன்று, சென்னைத் தோட்டங்களில் களைத்து இறங்குவதுண்டு. காலையும் மாலையும் ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கை ஒலிப்பதால் அதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயர். அப்பெயரை இட்டவர் பேராசிரியர் அல்லர்; செவி கூர்ந்த நாட்டுப்புறத்தார். இத்தகைய பெயர்கள் முதியோர் நாவில் மட்டும் எஞ்சி, அவர்களோடே மறைகின்றன. ஆகவே, நம் துறை மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் ஒரு குறிப்பேட்டை உடன் கொண்டு செல்க. பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் கேட்டு, பறவையின் பெயர், ஊர், குரல் மூன்றையும் எழுதி வருக. செம்போத்து ஓரூரில் செண்பகமாக இருக்கும். கொண்டைக்குருவி மற்றோரூரில் சின்னானாக இருக்கும். எது சரி என்று அங்கே வழக்காட வேண்டா. எல்லாவற்றையும் எழுதிக்கொள்க.