‘கை கழுவினீர்களா?’ என்று கேட்பது குற்றமன்று

புற்றுநோய்க்காகவோ வேறு நீண்டகாலச் சிகிச்சைக்காகவோ திருநெல்வேலி, மதுரை, சென்னை என்று சென்று, மார்பிலோ கையிலோ பொருத்தப்பட்ட ‘சென்ட்ரல் லைன்’ குழாயுடன் நம் சங்கரன்கோவில் வட்டாரத்துக்குத் திரும்பும் சிறு குழந்தைகள் உண்டு. அக்குழாயின் உள்முனை இதயத்தை ஒட்டிய பெரிய இரத்தநாளத்தில் இருக்கிறது. அடிக்கடி ஊசி குத்தும் வேதனையிலிருந்து குழந்தையைக் காப்பது அதுவே. கவனம் தவறினால் கிருமிகள் நேரே இரத்தத்தில் நுழையும் வழியும் அதுவே. அவ்வழியை அடைப்பதில் பெற்றோருக்கு உள்ள உரிமையைப் பற்றி இவ்விதழில் பேச விரும்புகிறோம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2004ஆம் ஆண்டு நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஒரு முயற்சியில் இணைந்தன. மருத்துவர் பீட்டர் புரோனோவோஸ்ட் முன்னின்று வகுத்த அம்முறையில் ஐந்தே விதிகள் இருந்தன: கைகளைக் கழுவுதல், குழாயைப் பொருத்தும்போது கிருமி நீக்கிய அங்கியும் விரிப்பும் முழுமையாகப் பயன்படுத்துதல், குளோர்ஹெக்சிடின் கொண்டு தோலைத் தூய்மை செய்தல், இயன்றவரை தொடைப் பகுதியைத் தவிர்த்தல், தேவை முடிந்த குழாயை அகற்றுதல். மருத்துவர் ஒரு விதியைத் தவறவிட்டால், அவசர நிலை தவிர மற்ற வேளைகளில், அவரை நிறுத்தும் அதிகாரம் செவிலியருக்கு அளிக்கப்பட்டது. 2006இல் வெளியான முடிவுகளின்படி, இக்குழாய்களால் நேரும் இரத்தத் தொற்று 18 மாதங்களில் மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்தது. இதற்குப் புதிய மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

குழந்தைகளின் நிலை சற்று வேறு. அந்நாட்டின் 29 குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், குழாயைப் பொருத்திய பின் நாள்தோறும் காட்டும் கவனமே தொற்றைக் குறைப்பதில் முதன்மையானது எனத் தெரியவந்தது. ஒவ்வொரு முறையும் குழாயின் மூடியை ஆல்கஹால் பஞ்சால் அழுத்தித் துடைத்து உலரவிடுவது, கட்டு நனைந்தாலோ விளிம்பு பிரிந்தாலோ அப்போதே மாற்றுவது, குழாய் இன்றும் தேவைதானா என எண்ணிப்பார்ப்பது போன்றவை அக்கவனத்தில் அடங்கும். செவிலியர் ஷிப்டுக்கு ஷிப்ட் மாறுகிறார். இவற்றை நாள் முழுவதும் அருகிலிருந்து காண்பவர் தாயோ பாட்டியோதான். ஆகவே, மிச்சிகனில் செவிலியருக்குக் கிடைத்த அதிகாரம் நம் வார்டுகளில் பெற்றோருக்கும் கிடைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

மருத்துவரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம் பக்கத்தில் வேரூன்றியிருக்கிறது. கேட்டால் கோபித்துக்கொண்டு பிள்ளையைச் சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்ற அச்சமும் உண்டு. அவ்வச்சத்தைப் போக்குவது மருத்துவமனையில் பணிபுரியும் எங்கள் கடமை. ‘கை கழுவினீர்களா, சார்?’, ‘மூடியைத் துடைத்துவிட்டீர்களா, சிஸ்டர்?’, ‘இந்த லைன் இன்னும் வேண்டியிருக்கிறதா?’ என்று தயங்காமல் கேளுங்கள். வேலைப்பளுவில் மறதி எவருக்கும் நேரும். கேட்கப்பட்டவர் முகம் சுளிக்காமல் மீண்டும் ஒருமுறை கை கழுவுவதே முறை. தொற்று வந்தபின் ‘நீங்கள் ஏன் கேட்கவில்லை?’ என்று பெற்றோர்மீது பழி சுமத்துவதற்காக இதைக் கூறவில்லை, பொறுப்பு எங்களுடையதே.

வீட்டில் உறவினரிடமும் இவ்வுரிமையைப் பயன்படுத்துங்கள். கோயில் புற்றுமண்ணைப் பக்தியோடு உடலில் பூசுவது நம் ஊர் வழக்கம். மண்ணில் இயல்பாகவே கிருமிகள் இருப்பதால், குழாயுள்ள குழந்தைக்கு அதைப் பூச வேண்டாம். பூசையறையில் வைத்து வேண்டிக்கொள்ளலாம். திருநீறு, மஞ்சள், எண்ணெய் எதுவும் கட்டின் அருகே படக்கூடாது. ஆடித் தபசுக்கு வரும் விருந்தினர் சோப்பினால் கை கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்கட்டும். நீரில் அமிழ்த்தாமல், கட்டு நனையாதபடி உடலைத் துடைத்துவிடுங்கள். தவழும் பிள்ளை குழாயை இழுக்கும், கடிக்கும். ஆகவே அதைச் சுருட்டிப் பனியனுக்குள் பத்திரப்படுத்துங்கள். அதன் முனை டயப்பருக்குள் செல்லக் கூடாது.

காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினாலோ, குழாயில் மருந்து செலுத்தியபின் குளிர்நடுக்கம் கண்டாலோ அது அவசர நிலை. கடையில் காய்ச்சல் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். புற்றுநோய்ச் சிகிச்சையிலுள்ள குழந்தைக்கு, மருத்துவமனையை அடைந்த 60 நிமிடங்களுக்குள் முதல் ஆன்டிபயாடிக் செலுத்துவதே குறிக்கோள். சிகிச்சை அளித்த மருத்துவமனை தொலைவில் இருந்தால், அருகிலுள்ள மருத்துவமனைக்கு முதலில் செல்லுங்கள்; 108ஐ அழையுங்கள். சிகிச்சைக் கோப்பை உடன் எடுத்துச் சென்று, ‘சென்ட்ரல் லைன் உள்ள பிள்ளை, காய்ச்சல் அடிக்கிறது’ என்று வாயிலிலேயே சொல்லுங்கள். குழாய் பிடுங்கப்பட்டால், அது இருந்த இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். அறுந்தால், அறுந்த இடத்துக்கும் உடலுக்கும் நடுவே குழாயை மடித்து இறுகப் பிடித்தபடி விரைந்து வாருங்கள்.

அடுத்த முறை எங்களில் ஒருவர் உங்கள் குழந்தையின் குழாயைத் தொட வரும்போது, அவர் கைகளைக் கவனியுங்கள். ஐயம் எழுந்தால் கேளுங்கள். பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.