விறைப்பூசியும் ஒரு போத்தல் எண்ணெய்ப் பாலும்

பொகவந்தலாவையில் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி ஒருவர் தம் இடது கையைக் காட்டினார். கத்தி பட்ட பழைய தழும்பு. மலையகத்து வைத்தியசாலை ஒன்றில் விறைக்க ஊசி போட்டுத் தைத்தார்களாம். "காயம் நோகல்ல ஐயா. நாக்குத்தான் மரத்துப் போச்சு, காதுக்குள்ள வண்டு இரைஞ்ச மாதிரி இருந்திச்சு" என்றார். பயத்தினால் வந்தது என்று அங்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பயமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் நாக்கு மரத்தலும் காது இரைச்சலும், விறைப்பு மருந்து இரத்தத்தில் அளவுக்கு மீறிக் கலந்ததன் முதல் அடையாளங்களாகவே மருத்துவ நூல்களில் எழுதப்பட்டுள்ளன. அடுத்த படி வலிப்பு. அதற்கும் அடுத்தது இருதயம் நின்றுபோதல். அரிதாகவே நேரும். நேர்ந்தால் அவகாசம் நிமிடங்களே.

இம்மருந்துகள் நரம்பை மட்டும் தொடுவதில்லை. இரத்தக் குழாயின் சுவரிலும் வேலை செய்கின்றன: குறைந்த செறிவில் அதைச் சுருக்கும், செறிவு கூடினால் தளர்த்திவிடும். குழாய் தளர்ந்தால் மருந்து விரைவில் உடலெங்கும் பரவும். அதனாலேதான் லிக்னொகெயினோடு அட்ரினலின் கலக்கும் வழக்கம் வந்தது. நச்சளவை எட்டும்போது குழாய்கள் தளர, இருதயமும் சோர, இரத்த அழுத்தம் சரிகிறது.

அட்ரினலின் கலவாத லிக்னொகெயினுக்குப் பிரித்தானிய வழக்கில் உச்ச அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராம். நாற்பது கிலோ எடையுள்ள கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு 120 மில்லிகிராம். அதாவது இரண்டு சதவீத மருந்தில் வெறும் 6 மில்லிலீற்றர். எழுபது கிலோ மனிதருக்குப் பழகிய கை, அவரை நிறுத்துப் பார்க்காமல் ஊசி ஏற்றினால் என்னாகும்? எங்கள் லயத்துப் பெண்கள் எத்தனை பேர் எழுபது கிலோ இருக்கிறார்கள்?

இதற்கு மாற்றுக் கண்டவர் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் கை வைன்பர்க். சோயா எண்ணெயும் முட்டைக் கொழுப்பும் கலந்த, பால்போன்ற கொழுப்புக் கரைசல் எலிகளை பியூபிவக்கெயின் நஞ்சிலிருந்து காக்கிறது என்று 1998இல் காட்டினார். வாயால் உண்ண இயலாத நோயாளிக்கு உணவாக ஏற்றிவந்த கரைசல்தான் அது! 2006இல் நியூயோர்க்கில் இருதயம் நின்ற ஒருவர் அதனால் உயிர் மீண்ட செய்தி வெளியானது. மறு ஆண்டே பிரித்தானிய மயக்கவியலாளர் சங்கம் வழிகாட்டி வெளியிட்டது. கொழுப்பை நாடும் மருந்தை இருதயத்திலிருந்தும் மூளையிலிருந்தும் கவர்ந்து ஈரலுக்கும் தசைக்கும் கொண்டுபோகிறது என்பது ஒரு விளக்கம். தளர்ந்த குழாயையும் மீளச் சுருங்க வைக்கிறது என்று எலியின் பெருநாடித் துண்டுகளில் நடந்த சோதனைகள் கூறுகின்றன.

2023இல் பேராதனையில் முள்ளந்தண்டு ஊசிக்குப் பின் நேர்ந்த மரணத்தையடுத்து ஒரு தொகுதி பியூபிவக்கெயின் பாவனை நிறுத்தப்பட்டபோது, பத்திரிகைகள் மருந்தின் தரத்தைப் பற்றியே எழுதின. எழுத வேண்டியதுதான். (முள்ளந்தண்டில் ஏற்றும் அளவு சிறிது; நான் சொல்லும் நஞ்சேற்றம் வேறு.) ஆனால் தரமான மருந்தும் அளவு மீறினால் கொல்லும் என்பதை எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

டிக்கோயாவில் 150 கட்டில்களோடு இந்தியா கட்டிக்கொடுத்த வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது. நல்லது. ஆயினும் பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட் வழியாக வளைந்து வளைந்து போகும் பாதையில், அதுவும் மூடுபனி நாளில், அம்புலன்ஸ் எத்தனை விரைந்தாலும் நின்ற இருதயம் காத்திருக்காது. விறைப்பூசி போடும் இடத்திலேயே அந்தப் போத்தல் இருக்க வேண்டும். இருபது சதவீதக் கரைசல், கிலோவுக்கு 1.5 மில்லிலீற்றர், நாற்பது கிலோவுக்கு 60 மில்லிலீற்றர் முதலில், பிறகு நிமிடத்துக்குப் பத்து. மார்பு அழுத்தமும் ஒட்சிசனும் நிற்கக் கூடாது. இதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிச் சுவரில் ஒட்ட ஒரு தாள் போதும். இருபத்தைந்து பாகைக்குக் கீழே, உறையாமல் வைத்திருந்தால் கரைசல் கெடாது; எங்கள் மலைக்குளிரில் அதற்குக் குளிர்சாதனப் பெட்டிகூட வேண்டியதில்லை.

கூடவே ஒரு தராசு. ஊசி ஏற்றுமுன் அந்தக் கவ்வாத்துக்காரரை யாரும் நிறுக்கவில்லையாம், கேட்டேன்.